மிதியும் பாதமும்: ஊர்தி ஓட்டுநர் கால்நலம்

முன்னுரை

காலின் கீழ்ப்பகுதியைக் குறிக்கத் தமிழில் அடி, தாள், பாதம் எனச் சொற்கள் பல உள்ளன. அவற்றுள் 'அடி' என்னும் சொல் பெற்றுள்ள ஆட்சி பெரிது. சீர்கள் தளைப்பட்டு நடப்பதை யாப்பிலக்கணத்தார் அடி என்றனர். பன்னிரண்டு அங்குலம் கொண்ட அளவும் அடியே. மலையின் கீழ்ப்பகுதி மலையடி. மரத்தின் கீழ்ப்பகுதி மரத்தடி. மேலுள்ளதைத் தாங்கி நிற்பது எதுவோ அதனை அடி எனக் கூறுதல் நம் மொழியின் இயல்பு. இத்துணைப் பெருமை அச்சொல்லுக்கு உண்டாயினும், நம்மைச் சுமக்கும் நம் அடிகளை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. வலி வந்த பின்னரே நமக்குக் கால் உண்டு என்னும் நினைவு வருகிறது.

சங்க இலக்கியம் தேர் செலுத்துவோனை வலவன் என்றும் பாகன் என்றும் சுட்டும். வினைமுடித்து மீளும் தலைவன், தலைவி காத்திருப்பாள் என்னும் எண்ணத்தால், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் கூறுவதாக முல்லைத்திணையில் பல பாடல்கள் உள்ளன. அப்பாகனின் தொழில்திறம் அவன் கைகளில் இருந்தது. கடிவாளத்தைப் பற்றியதும் கைதான். தாற்றுக்கோலை ஏந்தியதும் கைதான். இன்றைய ஓட்டுநரின் நிலை வேறு. திசையைத் திருப்புவது மட்டுமே கையின் வேலை. விரைவைக் கூட்டுவதும் குறைப்பதும் வண்டியை நிறுத்துவதும் காலின் வேலைகள். குதிரையின் வேகத்தைக் கையால் அடக்கிய காலம் போய், எந்திரத்தின் வேகத்தைப் பாதத்தால் அடக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம்.

ஆதலின் ஓட்டுநரின் பாதநலம் அவர் ஒருவரைப் பற்றியது மட்டுமன்று. அவர் பின்னே அமர்ந்திருப்போரையும், எதிரே வருவோரையும், சாலையைக் கடக்கும் பள்ளிச் சிறாரையும் பற்றியதாகும். ஊர்தி ஓட்டுகையில் பாதத்திலும் கணுக்காலிலும் தோன்றும் வலி எவ்வாறு உண்டாகிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முடுக்கி போன்ற கலைச்சொற்கள் இருப்பினும், ஓட்டுநரும் பட்டறையினரும் வழங்கும் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்னும் சொற்களையே தெளிவு கருதி ஈண்டு ஆள்கிறேன்.

பாதத்தின் அமைப்பு

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள எலும்புகள் 206. அவற்றுள் 52, அஃதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, இரு பாதங்களிலும் அமைந்துள்ளன. இவ்வெலும்புகளை நூற்றுக்கும் மேற்பட்ட தசைகளும் தசைநாண்களும் இணைப்புநார்களும் பிணைத்தும் இயக்கியும் வருகின்றன. இத்துணைச் சிறிய இடத்தில் இத்துணை நுட்பமான அமைப்பைக் காணும்போது படைத்தவனின் ஆற்றலை எண்ணி வியக்காமல் இருக்க இயலாது.

கணுக்கால் மூட்டு, முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளும் பாதத்தின் மேலெலும்பு ஒன்றும் கூடுமிடத்தில் அமைந்துள்ளது. பாதத்தை மேல்நோக்கி உயர்த்தினால் அது ஏறத்தாழ 20 பாகை அளவே மடங்கும். கீழ்நோக்கி அழுத்தினால் ஏறத்தாழ 50 பாகை வரை நீளும். பாதத்தை மேலே தூக்குவது முன்காலை ஒட்டிய மெல்லிய தசை. கீழே அழுத்துவது பின்புறமுள்ள வலிய கெண்டைக்கால் தசை. அக்கெண்டைக்கால் தசை கீழே தடித்த நாணாகத் திரண்டு குதிகால் எலும்பில் சென்று பற்றுகிறது. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலின் குறுக்கே ஓடாமல் நெடுக்காக ஒரு நார்ப்பட்டை நீண்டு, வில்லின் நாண் போலப் பாதத்தின் வளைவைத் தாங்குகிறது.

கெண்டைக்கால் தசைக்கு மற்றொரு பணியும் உண்டு. இதயத்திலிருந்து கீழிறங்கிய குருதி மீண்டும் மேலேறிச் செல்ல வேண்டும். நாம் நடக்கும்போது இத்தசை சுருங்கி விரிந்து, உள்ளே ஓடும் நாளங்களைப் பிழிந்து, குருதியை மேலே தள்ளுகிறது. இதனைக் கருதியே மருத்துவர்கள் கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்பர். நடப்பவர்க்கு இந்த இரண்டாம் இதயம் இயங்கும். அசையாது அமர்ந்திருப்பவர்க்கு அது உறங்கிவிடும்.

வலி தோன்றும் வகை

நடக்கும் கால் மாறி மாறி உழைக்கிறது. ஓரடி எடுத்து வைக்கும்போது ஒரு தசை சுருங்குகிறது. மறு அடியில் அது தளர்ந்து ஓய்வு பெறுகிறது. அந்தச் சிறு ஓய்வில் புதிய குருதி தசைக்குள் பாய்ந்து கழிவை அகற்றுகிறது. ஊர்தி ஓட்டுபவரின் காலுக்கு இவ்வோய்வு வாய்ப்பதில்லை. நெடுஞ்சாலையில் ஒரே விரைவில் செல்லும்போது ஆக்சிலரேட்டர் மீது வைத்த வலப்பாதம், அழுத்தவும் இயலாமல் எடுக்கவும் இயலாமல், ஒரே கோணத்தில் நெடுநேரம் நிற்கிறது. அசையாமல் இறுகி நிற்கும் தசைக்குள் குருதியோட்டம் குறைகிறது. ஒரு வாளி நீரைத் தூக்கி நடப்பதினும், அதே வாளியை நீட்டிய கையில் அசையாது பிடித்து நிற்பது கடினம் அன்றோ? வலப்பாதத்தின் துன்பம் அத்தகையது.

இடப்பாதத்தின் துன்பம் வேறு வகையினது. நகர நெரிசலில் ஒரு மணி நேரத்தில் 100 முறை கிளட்சை மிதிக்க நேரிடுமாயின், 8 மணி நேர வேலையில் 800 முறை மிதிக்க வேண்டும். இவ்வாறு மிதித்ததோடு அமையாமல், அடுத்த மிதிக்கு ஆயத்தமாகப் பாதத்தை மிதியின் மேலேயே தொட்டும் தொடாமலும் ஏந்தி நிற்கும் பழக்கம் பலரிடம் உண்டு. பாதத்தை மேலே தூக்கும் முன்கால் தசை மெல்லியது எனக் கண்டோம். அம்மெல்லிய தசையே பாதத்தின் முழு எடையையும் நெடுநேரம் தாங்க நேர்வதால், முன்காலிலும் கணுக்காலின் முன்புறத்திலும் வலி தோன்றுகிறது. மலைப்பாதையில் அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிப்போர்க்கு இவ்வலி மிகுதி. அப்பழக்கத்தால் கிளட்ச் தட்டு தேய்கிறது என்பதை உரிமையாளர் கணக்கிடுகிறார். கணுக்கால் நைவதைக் கணக்கிடுவார் இல்லை.

மூன்றாவது காரணம் அமரும் முறை. இருக்கை மிகப் பின்னே இருந்தால், மிதியை எட்டுவதற்குக் குதிகால் தரையை விட்டெழுந்து விரல்நுனியால் அழுத்த நேரிடும். மிக முன்னே இருந்தால், கணுக்கால் அளவுக்கு மீறி மேல்நோக்கி மடங்கும். இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுந்தினால் நாளங்களும் நரம்புகளும் நசுங்கும். கால்சட்டையின் பின்பையில் தடித்த பணப்பையை வைத்து அதன்மேல் அமர்வோர்க்கு, இடுப்பிலிருந்து பாதம் வரை ஓடும் பெருநரம்பு அழுந்தி, கால் மரத்துப்போதலும் உண்டு. முழங்காலின் வெளிப்புறத்தைக் கதவின் மேல் நெடுநேரம் சாய்த்து வைப்பதும், ஓய்வு வேளையில் கால்மேல் கால் போட்டே அமர்ந்திருப்பதும் தவிர்க்கத் தக்கவை. அவ்விடத்தில் தோலுக்கு மிக அருகே ஓடும் நரம்பு அழுந்தினால் புறங்கால் மரத்துப்போகும்; பாதத்தைத் தூக்கும் ஆற்றலும் குன்றும்.

அசையாது அமர்தலின் இடர்

அசையாமல் அமர்ந்திருப்பதன் தீங்கு வலியோடு முடிவதன்று. 1940-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் மீது வான்வழிக் குண்டுவீச்சு நிகழ்ந்தபோது, மக்கள் பதுங்கிடங்களில் துணி நாற்காலிகளில் இரவு முழுதும் அமர்ந்திருந்தனர். குண்டுக்குத் தப்பிய அவர்களுள் சிலர் திடீரென மாண்டனர். கெய்த் சிம்சன் என்னும் மருத்துவர் இதனை ஆராய்ந்து, கால் நாளங்களில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்ததே காரணம் என அவ்வாண்டே லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். நாற்காலியின் முன்சட்டம் கால்களின் பின்புறத்தை அழுத்தியதும், அசையாமல் அமர்ந்திருந்ததும் அக்கட்டிகள் தோன்ற வழிவகுத்தன.

2007-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு முடிவும் இதனையே வலியுறுத்தியது. 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாது அமர்ந்து பயணம் செய்வோர்க்கு இத்தகைய குருதிக்கட்டி தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது அம்முடிவு. வானூர்தி, தொடர்வண்டி, பேருந்து, சீருந்து என எதில் சென்றாலும் இது பொருந்தும். தனியொருவர்க்கு இந்நோய் நேரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் உண்மை. எனினும், நாள்தோறும் அவ்வாறு அமர்வதையே தொழிலாகக் கொண்டவர் இதனை அறிந்திருத்தல் நலம்.

வலியும் மரப்பும்

இவ்விடத்தில் என் தந்தையாரைப் பற்றிச் சில சொல்லுதல் பொருளோடு இயைந்ததே ஆகும். அவர் சரக்குந்து ஓட்டுநராக முப்பது ஆண்டுக்காலம் உழைத்து எங்களைப் படிக்க வைத்தவர். நெடுவழி சென்று வீடு திரும்பும் இரவுகளில், அவருடைய கால்களை மடியில் வைத்து என் தாயார் நல்லெண்ணெய் தடவிப் பிடித்துவிடுவார். உள்ளங்கால் எரிகிறது என்றும், குதிகாலில் ஊசி குத்துகிறது என்றும் அத்தா அந்நாளில் அடிக்கடி கூறுவார். நீரிழிவு அவருக்கு இருந்தது. மாத்திரையை நினைத்தபோது உட்கொள்வார், மறந்தபோது விடுவார்.

சில ஆண்டுகளில் அவர் கால்வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். எண்ணெய் வேண்டா என்றார். "வலியெல்லாம் போய்விட்டது, அல்லாஹ்வின் கிருபை" என்று அவர் மகிழ்ந்து கூறியதை நாங்களும் நம்பி மகிழ்ந்தோம். ஒருநாள் உணவருந்த அவர் தரையில் அமர்ந்தபோது, அவர் வலப்பாதத்தின் அடியில் ஒரு ரூபாய்க் காசளவு கொப்புளம் உடைந்து சிவந்திருப்பதைத் தாயார் கண்டார். "என்னங்க இது?" என்று அவர் பதறிக் கேட்க, "எது?" என்று திருப்பிக் கேட்டார் அத்தா. பழைய சரக்குந்துகளில் ஓட்டுநர் அறையினுள்ளேயே எஞ்சின் மேடு இருக்கும். அதன் வெப்பம் தரைத்தகட்டில் பரவும். செருப்பு வழுக்குகிறது என்று வெறுங்காலோடு ஓட்டியவருக்கு அத்தகடு சுட்டிருக்கிறது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

மருத்துவர் மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து அவர் உள்ளங்காலில் பல இடங்களில் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று வினவினார். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையுமாறு அமைக்கப்பட்ட இழை அது. பெரும்பாலான இடங்களில் தெரியவில்லை என்றே விடை வந்தது. பின்னர் மருத்துவர், "பிரேக் மேல் கால் இருக்கிறதா என்று எப்படி அறிகிறீர்கள்?" என்று கேட்டார். அத்தா நெடுநேரம் பேசாமல் இருந்து, "குனிந்து பார்த்துக்கொள்வேன்" என்றார். பாரம் ஏற்றிய வண்டியை இரவில் ஓட்டியவர், சாலையைவிட்டுக் கண்ணை எடுத்துத் தம் காலைத் தேடியிருக்கிறார். அன்று மாலையே வண்டிச் சாவியை உரிமையாளரிடம் அவர் திருப்பித் தந்துவிட்டார். புண் ஆறப் பல மாதங்கள் ஆயின. இரண்டு விரல்களை இழந்தார், கால் தப்பியது. எவருடைய உயிரும் அவர் காலால் போகவில்லை என்பதே தமக்குக் கிடைத்த பேறு என்று அவர் இறுதிவரை கூறி வந்தார்.

இந்நிகழ்ச்சி எனக்கு உணர்த்திய உண்மை ஒன்று. வலி என்பது பாதம் மூளைக்கு விடுக்கும் ஓலை. ஓலை வந்துகொண்டிருக்கும்வரை சீர்செய்ய வழியுண்டு. நீரிழிவால் நரம்பு நலிந்தால், ஓலை கொண்டுசெல்வோன் இறந்துபடுகிறான்; செய்தி வருவதில்லை. அதனை நலம் என்று நாம் மயங்குகிறோம். மருந்தாலும் ஓய்வாலும் வலி நீங்குதல் வேறு. உணர்வே நீங்குதல் வேறு. 2021-ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையோராய் இருந்தனர் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வின் மதிப்பீடு. அவர்களுள் ஓட்டுநர் எத்துணைப் பேராயினும், ஒவ்வொருவர் பாதத்தையும் நம்பியே நாம் சாலையில் நடக்கிறோம்.

தடுக்கும் வழிகள்

முதலாவது, இருக்கையைச் செம்மை செய்தல். வண்டியைக் கிளப்புமுன் முதுகை இருக்கையில் நன்கு சாய்த்து அமர்ந்து, கிளட்சை முற்றும் மிதித்துப் பார்க்க வேண்டும். அந்நிலையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும், முற்றும் நீண்டுவிடலாகாது, இடுப்பு இருக்கையை விட்டு நகரலாகாது. பாதம் மிதியின் மேல் இயல்பாக இருக்கும்போது, கணுக்கால் செங்கோணத்தை ஒட்டியோ அதனினும் சற்று விரிந்தோ அமைதல் நன்று. உயரத்தைக் கூட்டிக் குறைக்க இயலாத இருக்கையாயின், குட்டையானவர் உறுதியான மெத்தைத் துண்டு ஒன்றை அடியில் வைத்துக்கொள்ளலாம். பின்பையில் உள்ள பணப்பையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, குதிகாலைத் தரையில் ஊன்றுதல். சீருந்து ஓட்டுவோர் வலக்குதிகாலைப் பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மாற்றப் பழகுதல் வேண்டும். இதனால் பாதத்தின் எடையைத் தரை தாங்குகிறது; தசைக்கு ஓய்வு கிடைக்கிறது. விரல்நுனியால் அழுத்தாமல், விரல்களுக்குப் பின்னுள்ள அகன்ற பகுதியால் அழுத்த வேண்டும். கிளட்சை மிதித்து முடித்தவுடன் இடப்பாதத்தை அதன் இடப்புறமுள்ள கால்தாங்கியிலோ வெறுந்தரையிலோ வைத்துவிட வேண்டும். சாலைச் சந்திப்பில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால், நியூட்ரலில் இட்டுக் கிளட்சை விட்டுவிடுதல் காலுக்கும் நலம், வண்டிக்கும் நலம். தானியங்கிக் கியர் உடைய வண்டிகளில் இடப்பாதத்தின் சுமை நீங்குகிறது. வலப்பாதத்தின் சுமை அவற்றிலும் நீங்குவதில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, ஏற்ற காலணி. நம் நாட்டில் ரப்பர்ச் செருப்போடு வண்டி ஓட்டுவோரே மிகுதி. பின்வார் இல்லாத செருப்பு கழன்று பிரேக்கின் அடியில் சென்று சிக்கினால், மிதி இறங்காது; வண்டி நிற்காது. அன்றியும், செருப்பு கழலாதிருக்க விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டுவதால் உள்ளங்கால் தசைகள் ஓயாது சுருங்கி வலிக்கின்றன. குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பின்வாரோ மூடிய பின்பகுதியோ உடைய, வழுக்காத, தட்டையான அடியுடைய காலணியே ஏற்றது. அடி மிகத் தடித்திருந்தால் மிதியின் அழுத்தத்தை உணர இயலாது. உயர்குதிகால் காலணியில் குதிகால் தரையில் நிலைபெறாது. மகளிர் அதனைப் பையில் வைத்துக்கொண்டு, ஓட்டும்போது மட்டும் வேறு காலணி அணியலாம். நீரிழிவு உடையோர் வெறுங்காலோடு ஓட்டுதல் அறவே கூடாது.

நான்காவது, இடையிடையே இறங்கி நடத்தல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் வண்டியைச் சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் நடத்தல் வேண்டும். உறங்கிய இரண்டாம் இதயத்தை எழுப்புவதற்கு இதனினும் எளிய மருந்து இல்லை. சிறுநீர் கழிக்க இறங்க வேண்டுமே என்று அஞ்சித் தண்ணீர் அருந்தாமல் ஓட்டுவோர் பலர். நீர் குறைந்தால் குருதி தடிக்கும், தசை பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் அருந்த வேண்டும். அதற்காக இறங்கவும் வேண்டும். இரண்டும் காலுக்கு நன்மையே.

எளிய பயிற்சிகள்

நிறுத்திய வண்டியிலோ வீட்டிலோ செய்யத்தக்க பயிற்சிகள் சில உள்ளன. வண்டி ஓடும்போது இவற்றைச் செய்தலாகாது.

ஒன்று: காலை நீட்டி, பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசைத்தல். இதனால் கெண்டைக்கால் குருதியை மேலே தள்ளுகிறது.

இரண்டு: வண்டியின் பக்கச்சட்டத்தில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, அதன் குதிகால் தரையிற் படிய, முழங்கால் நீண்டிருக்க, முன்னோக்கிச் சாய்ந்து முப்பது நொடி நிற்றல். பின்னர்க் காலை மாற்றிச் செய்தல். கெண்டைக்கால் தசையும் குதிநாணும் இதனால் தளர்ந்து நீளும்.

மூன்று: நீர் நிறைந்த சிறு புட்டியை உள்ளங்காலின் அடியில் வைத்து, முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் உருட்டுதல். குதிகால் வலிக்கு இது இதம் தரும்.

நான்கு: கால்பெருவிரலை எழுதுகோலாகக் கொண்டு காற்றில் எழுத்துகளை எழுதுதல். ஆங்கில எழுத்துகளை எழுதுமாறு உடலியக்கப் பயிற்சியாளர் கூறுவது வழக்கம். நம் மாணவர்க்கு நான் கூறுவது, அகரம் முதல் ஔகாரம் வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் எழுதுக என்பதே. சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துகள் கணுக்காலை எல்லாத் திசைகளிலும் திருப்பவல்லன. ஒருமுறை இகரத்தைக் காலால் எழுதிப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை விளங்கும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

காலையில் எழுந்து வைக்கும் முதலடியில் குதிகால் கடுமையாக வலித்து, சிறிது நடந்தபின் குறையுமாயின், அது உள்ளங்கால் நார்ப்பட்டையின் அழற்சியாக இருக்கலாம். குதிவாதம் என மக்கள் வழங்குவது பெரும்பாலும் இதுவே. நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றவுடன் விடுமாயின், குருதிக்குழாய் சுருங்கியிருக்கக்கூடும். பீடியும் சிகரெட்டும் புகைப்போர் இதில் மிகு விழிப்போடிருத்தல் வேண்டும். பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, செருப்பு கழன்றதும் தெரியாமை ஆகியன தோன்றினால், குருதியிற் சர்க்கரையின் அளவைக் காலந்தாழ்த்தாது அறிதல் வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடேறி வலித்தாலோ, அதனோடு மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தாலோ, ஒருகணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் செல்வோர் தம் தொழிலையும் சொல்ல வேண்டும். இத்தாலி நாட்டு மருத்துவரான பெர்னார்டினோ ராமசீனி, 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். நோயாளியிடம் கேட்கும் வினாக்களோடு, அவர் செய்யும் தொழில் யாது என்பதையும் மருத்துவர் கேட்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்தினார். ஓட்டுநர் என்று கூறினால்தான், வலியின் வேர் மிதியில் இருப்பதை மருத்துவர் உணர இயலும்.

பிறர் கடமை

ஓட்டுநர் ஒருவர் மட்டும் முயன்றால் போதாது. இருக்கையின் திருகு துருப்பிடித்து நகராத வண்டியை ஒப்படைத்துவிட்டு, நேராக அமருமாறு கூறுதல் முறையன்று. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம் என வேலைக்கு வரம்பிட்டது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும், அதற்குள் அரை மணி நேரமேனும் ஓய்வு தரல் வேண்டும் என்றும் வகுத்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் கண்ட நீதி அது. வண்டி உரிமையாளரும், நேரத்துக்குச் சேர வேண்டும் என்று ஓட்டுநரை விரட்டும் பயணிகளாகிய நாமும் அந்நீதியை மறத்தலாகாது. தலைவி காத்திருப்பாள் என்று பாகனை விரைவுபடுத்திய தலைவனுக்கு முல்லைத்திணை இடமளித்தது. நமக்கோ அவ்வுரிமை இல்லை.

முடிவுரை

தொழுகைக்கு முன் உளூச் செய்யும்போது, இரு பாதங்களையும் கணுக்கால் உட்படக் கழுவுதல் கடமை. விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுதல் நபிவழி. என் தந்தையார் வழிப்பயணத்திலும் வண்டியில் நீர்க்கலன் வைத்து, ஐவேளையும் அவ்வாறே கழுவியவர். எனினும் கழுவிய பாதத்தை அவர் குனிந்து நோக்கியதில்லை. நோக்குமாறு நாங்கள் அவருக்குச் சொன்னதும் இல்லை. இன்று நான் உளூச் செய்யும்போது, பாதத்தைத் திருப்பி அடிப்பகுதியையும் ஒருமுறை பார்க்கிறேன். என் மாணவருள் தந்தையோ தமையனோ ஓட்டுநராக உள்ளவர் பலர். உள்நாட்டுச் சாலைகளிலும் வளைகுடா நாடுகளிலும் ஓட்டி, அவர்கள் அனுப்பும் பொருளிலேயே அம்மாணவர் கற்கின்றனர். அம்மாணவர்க்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. எச்சமயத்தினராயினும், அடுத்தமுறை வீட்டுக்குச் செல்லும்போது அவர்தம் பாதங்களை ஒருமுறை பாருங்கள். கால் வலிக்கிறதா என்று கேளுங்கள். வலிக்கிறது என்றால் மேற்கூறிய வழிகளைச் சொல்லுங்கள். முன்பு வலித்தது, இப்போது ஒன்றும் தெரியவில்லை என்றால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.